ஆங்கிலத்தில் பேரலல் ஸ்ட்ரக்சர்: 'அண்ட்' நிற்கும் இடத்திலிருந்து பிழையைப் பிடிப்பது எப்படி?

வேலை விண்ணப்பங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: 'ஐ ஆம் ஆனஸ்ட், பங்ச்சுவல் அண்ட் வொர்க் ஹார்ட்.' சொல்ல வந்தது புரிகிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் ஆங்கிலம் நன்கு அறிந்தவர் படித்தால் 'வொர்க்' வந்ததும் தடுக்கி நிற்பார். 'ஆனஸ்ட்', 'பங்ச்சுவல்' இரண்டும் பெயரடைகள், 'வொர்க்' வினைச்சொல். ஒரே வரிசையில் நிற்பவை ஒரே இலக்கண வகையாக இருக்க வேண்டும் என்ற விதியைத்தான் பேரலல் ஸ்ட்ரக்சர் என்றும் பேரலலிசம் என்றும் சொல்கிறார்கள். 'ஐ ஆம் ஆனஸ்ட், பங்ச்சுவல் அண்ட் ஹார்டுவொர்க்கிங்' என்று மாற்றினால் மூன்றும் பெயரடையாகி வாக்கியம் நேராகிவிடும்.

தமிழில் எழுதும்போது இந்தப் பிழை நமக்கு அவ்வளவாக வருவதில்லை. 'படிப்பதும் எழுதுவதும் நீந்துவதும் பிடிக்கும்' என்கிறோம். 'உம்' ஒவ்வொரு உறுப்பிலும் ஒட்டிக்கொள்வதால், 'படிப்பதும் எழுதுவதும் நீந்தவும் பிடிக்கும்' என்று யாராவது சொன்னால் காது உடனே உறுத்துகிறது. ஆங்கிலத்தில் 'அண்ட்' கடைசி உறுப்புக்கு முன்னால் ஒரே ஒருமுறை வருகிறது. அதற்கு முன் போன உறுப்புகளில் அடையாளமே கிடையாது. கடைசி உறுப்பை எழுதும் நேரத்தில் முதல் உறுப்பை எந்த வடிவத்தில் தொடங்கினோம் என்பது மறந்துபோயிருக்கும். அதனால் ஆங்கிலத்தில் காதை மட்டும் நம்பக் கூடாது, கண்ணாலும் சோதிக்க வேண்டும். சோதனையை இணைப்புச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாமே அந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைப்பவைதான்.

எடுத்துக்காட்டுகளை ஒலிப்பில் தந்திருக்கிறோம். ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படித்தால் அமைப்பு நன்றாகத் தெரியும்.

ஐந்து படிச் சோதனை

1. இணைப்புச் சொல்லை வட்டமிடுங்கள். பெரும்பாலும் அது 'அண்ட்', 'ஆர்', 'பட்' ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். ஒப்பீட்டில் 'விட' என்ற பொருளில் 'தேன்' வரும். 'நாட் ஒன்லி – பட் ஆல்ஸோ' போல இரட்டையாகவும் வரும்.

2. அதற்கு வலப்பக்கம் உடனே வரும் சொல்லைப் பாருங்கள். அது பெயரா, பெயரடையா, 'இங்' முடிவுள்ள வடிவமா, 'டு' சேர்ந்த வடிவமா, 'இன்', 'அட்' போன்ற முன்னிடைச்சொல்லா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் தொடங்குவதற்குக் காரணம், அங்கே ஒரே ஓர் உறுப்புதான் இருக்கும்; குழப்பமே வராது. இடப்பக்கத்தில் பல சொற்கள் இருக்கும், எது துணை என்று தெரியாமல் திணற நேரும்.

3. இப்போது இடப்பக்கம் போய் அதே வகைத் துணையைத் தேடுங்கள். காற்புள்ளிகள் இருந்தால் வரிசை நீளம் என்று பொருள். முதல் உறுப்பு வரை பின்னோக்கிப் போங்கள்.

4. எல்லா உறுப்புக்கும் பொதுவான தலைப்பகுதியைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக அதோடு ஒட்டிப் படியுங்கள். 'ஐ ஆம் ஆனஸ்ட்' சரி. 'ஐ ஆம் பங்ச்சுவல்' சரி. 'ஐ ஆம் வொர்க் ஹார்ட்' உடைகிறது. உடைந்த உறுப்புதான் குற்றவாளி.

5. திருத்துங்கள். மூன்றில் ஒன்று மாறுபட்டிருந்தால் அந்த ஒன்றை மாற்றுங்கள். அது மாறவே மாறாது என்றால் வரிசையிலிருந்து வெளியே எடுத்துத் தனி வாக்கியமாக்குங்கள்.

ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்: 'தி மேனேஜர் ஆஸ்க்ட் அஸ் டு செக் தி பில்ஸ், அப்டேட் தி ரெஜிஸ்டர் அண்ட் காலிங் தி கஸ்டமர்.' இணைப்பு 'அண்ட்'. வலப்பக்கம் 'காலிங்', 'இங்' வடிவம். இடப்பக்கம் 'செக்', 'அப்டேட்', இரண்டும் வினையின் மூல வடிவம். பொதுத்தலை 'தி மேனேஜர் ஆஸ்க்ட் அஸ் டு'. அதோடு 'காலிங்' ஒட்டாது. 'அண்ட் கால் தி கஸ்டமர்' என்றால் முடிந்தது.

'இங்' வடிவமும் 'டு' வடிவமும்

அதிகம் கலப்பவை இவை இரண்டும்தான். 'ஷி லைக்ஸ் ரீடிங், ரைட்டிங் அண்ட் டு ஸ்விம்' என்பது பாடப்புத்தகப் பிழை. 'லைக்' என்ற வினை இரண்டு வடிவத்தையும் ஏற்கும் என்பதால், 'ரீடிங், ரைட்டிங் அண்ட் ஸ்விம்மிங்' என்றும் திருத்தலாம், 'டு ரீட், டு ரைட் அண்ட் டு ஸ்விம்' என்றும் திருத்தலாம்.

எல்லா வினைகளும் இப்படித் தாராளமானவை அல்ல. 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' ஆகியவை 'இங்' வடிவத்தை மட்டும் ஏற்கும். 'வான்ட்', 'டிசைட்', 'ஹோப்' ஆகியவற்றுக்கு 'டு' வேண்டும். ஆகவே 'ஹி டிசைடட் செல்லிங் தி ஹவுஸ் அண்ட் மூவிங் டு சேலம்' என்பதில் இரண்டு உறுப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, ஆனால் வாக்கியம் தவறு. நான்காவது படி, அதாவது தலையோடு ஒட்டிப் பார்ப்பது, இதற்காகத்தான். உறுப்புகள் தங்களுக்குள்ளும் பொருந்த வேண்டும், தலையோடும் பொருந்த வேண்டும். தேர்வுகளில் தரப்படும் நான்கு விடைகளில் ஒன்று பெரும்பாலும் முதல் நிபந்தனையை மட்டும் நிறைவேற்றி ஆளை ஏமாற்றும்.

'டு' என்ற சிறு சொல்லை எத்தனை முறை எழுதுவது? முதல் உறுப்பில் மட்டும் எழுதலாம், அல்லது எல்லா உறுப்பிலும் எழுதலாம். 'டு ரீட், ரைட் அண்ட் டு ஸ்விம்' என்று முதலிலும் கடைசியிலும் வைத்து நடுவில் விடுவதுதான் கூடாது. உறுப்புகள் சின்னதாக இருந்தால் ஒருமுறை போதும். ஒவ்வோர் உறுப்பும் ஏழெட்டுச் சொல் நீளம் போனால் ஒவ்வொன்றிலும் எழுதுவது நல்லது. அடுத்த உறுப்பு தொடங்கிவிட்டது என்று வாசகருக்கு அது கொடி காட்டும்.

காலம் மாறலாம், வகை மாறக் கூடாது

பேரலலிசம் கற்ற புதிதில் பலர் செய்யும் தவறு, எல்லா வினையையும் ஒரே காலத்துக்கு மாற்றிவிடுவது. 'ஹி க்ரூ அப் இன் மதுரை அண்ட் நவ் லிவ்ஸ் இன் டெல்லி' என்ற வாக்கியத்தில் ஒன்று இறந்தகாலம், ஒன்று நிகழ்காலம். இதில் பிழை இல்லை. அவர் வளர்ந்தது அப்போது, வசிப்பது இப்போது. பொருளே இரண்டு காலத்தைக் கேட்கிறது. 'ஹி' என்ற எழுவாய்க்கு இரண்டுமே காலம் காட்டும் முற்றுவினைகள் என்பதால் வகை ஒன்றுதான்.

ஒரே நிகழ்வு வரிசையில் காரணமில்லாமல் காலம் தாவினால் மட்டுமே அது பிழை: 'ஹி ஓபன்ட் தி டோர், சுவிச்ட் ஆன் தி ஃபேன் அண்ட் சிட்ஸ் டவுன்.' இங்கே 'சேட் டவுன்' என்று இருக்க வேண்டும்.

இதே போலத் தேவையில்லாமல் கை வைக்கும் இன்னோர் இடமும் உண்டு. 'ஹி ஓபன்ட் தி விண்டோ, லெட்டிங் இன் சம் ஃப்ரெஷ் ஏர், அண்ட் சேட் டவுன்.' மூன்று வினை தெரிகிறது, நடுவில் மட்டும் 'இங்' இருக்கிறது, ஆகவே பிழை என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் வரிசையில் இருப்பவை 'ஓபன்ட்', 'சேட்' இரண்டும்தான். 'லெட்டிங்' என்பது சன்னலைத் திறந்ததன் விளைவைச் சொல்லும் இடைச்செருகல். அதை எடுத்துவிட்டுப் படித்தாலும் வாக்கியம் நிற்கும். வரிசையின் உறுப்பா, வந்து ஒட்டிய விளக்கமா என்ற கேள்வியைக் கேட்காமல் எதையும் திருத்தாதீர்கள்.

இரண்டு வரிசையை ஒன்றாக்கும் பிழை

வீட்டு விளம்பரம் ஒன்று இப்படி இருக்கும்: 'தி ஹவுஸ் இஸ் நியூ, ஸ்பேஷியஸ் அண்ட் ஹேஸ் த்ரீ பெட்ரூம்ஸ்.' முதலில் பார்த்த விண்ணப்ப வாக்கியமும் இதே இனம்தான். ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களிடம் மிகவும் வேரோடிய பிழை இது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

எழுதியவர் மனத்தில் மூன்று செய்தி இருந்தது: வீடு புதியது, விசாலமானது, மூன்று படுக்கையறை கொண்டது. தமிழில் மூன்றும் ஒரே சாயலில் முடிகின்றன, அதனால் ஒரே வரிசை என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் முதல் இரண்டும் 'இஸ்' என்ற வினைக்குக் கீழே தொங்குகின்றன; மூன்றாவது தனக்கென்று 'ஹேஸ்' என்ற வினையைக் கொண்டு வருகிறது. அதாவது 'இஸ்'ஸும் 'ஹேஸ்'ஸும் ஒரு வரிசை, 'நியூ'வும் 'ஸ்பேஷியஸ்'ஸும் இன்னொரு வரிசை. இரண்டு வரிசைக்கு ஒரே ஒரு 'அண்ட்' போட்டதுதான் கோளாறு.

திருத்தம் எளிது. வரிசைக்கு ஓர் 'அண்ட்' கொடுங்கள்: 'தி ஹவுஸ் இஸ் நியூ அண்ட் ஸ்பேஷியஸ் அண்ட் ஹேஸ் த்ரீ பெட்ரூம்ஸ்.' இரண்டு 'அண்ட்' அடுத்தடுத்து வந்தால் தவறோ என்று தயங்க வேண்டாம், இலக்கணப்படி இதுவே சரி. காதுக்கு இதமாக வேண்டுமென்றால், 'தி ஹவுஸ் இஸ் நியூ அண்ட் ஸ்பேஷியஸ், அண்ட் இட் ஹேஸ் த்ரீ பெட்ரூம்ஸ்' என்று எழுவாயை மறுபடி சொல்லிவிடலாம்.

இரட்டை இணைப்புகள்: இடம்தான் எல்லாம்

'போத் – அண்ட்', 'ஐதர் – ஆர்', 'நைதர் – நார்', 'நாட் ஒன்லி – பட் ஆல்ஸோ', 'வெதர் – ஆர்'. இவை ஜோடியாகத்தான் வரும். விதி ஒன்றே ஒன்று: முதல் பாதிக்கு அடுத்து வரும் சொல் எந்த வகையோ, இரண்டாம் பாதிக்கு அடுத்து வரும் சொல்லும் அதே வகையாக இருக்க வேண்டும்.

'ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு.' முதல் பாதிக்கு அடுத்து 'ஸ்பீக்ஸ்', வினை. இரண்டாம் பாதிக்கு அடுத்து 'தெலுகு', பெயர். பொருந்தவில்லை. 'ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு' என்று முதல் பாதியை வினையைத் தாண்டி நகர்த்தினால் இருபக்கமும் பெயர். அல்லது 'ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்ஸோ ரைட்ஸ் இட்' என்று இரண்டாம் பக்கத்துக்கு ஒரு வினை கொடுத்தாலும் சரி. பொருள் மாறும், அமைப்பு நிற்கும்.

பேச்சில் முதல் வாக்கியத்தைப் போல ஆங்கிலேயரும் சொல்வதுண்டு. அதைக் கேட்டுவிட்டு 'அவர்களே சொல்கிறார்களே' என்று தேர்விலோ அலுவலகக் கடிதத்திலோ எழுத வேண்டாம். எழுத்தில் இடப்பொருத்தம் எதிர்பார்க்கப்படுகிறது.

முதல் பாதியை எங்கே வைப்பது என்பதற்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கும். வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ போகலாம் என்று சொல்ல மூன்று வழி:

'யூ கேன் ஐதர் கோ டு தி பேங்க் ஆர் கோ டு தி போஸ்ட் ஆஃபீஸ்.'
'யூ கேன் கோ ஐதர் டு தி பேங்க் ஆர் டு தி போஸ்ட் ஆஃபீஸ்.'
'யூ கேன் கோ டு ஐதர் தி பேங்க் ஆர் தி போஸ்ட் ஆஃபீஸ்.'

மூன்றிலும் இருபக்கம் ஒத்திருக்கிறது: வினைக்கு வினை, முன்னிடைச்சொல்லுக்கு முன்னிடைச்சொல், ஆர்ட்டிகிளுக்கு ஆர்ட்டிகிள். 'ஐதர்' வலப்பக்கம் நகர நகர, அதைக் கடந்து வந்த சொற்கள் பொதுத்தலையில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றை மறுபடி எழுத வேண்டாம். இதைப் புரிந்துகொண்டால் இரட்டை இணைப்புப் பிழைகள் அத்தனையும் கைவசமாகிவிடும். 'போத் இன் சென்னை அண்ட் மதுரை' ஏன் தவறு என்று இப்போது நீங்களே சொல்லலாம். 'இன் போத் சென்னை அண்ட் மதுரை' அல்லது 'போத் இன் சென்னை அண்ட் இன் மதுரை'.

'நாட் ஒன்லி' வாக்கியத்தின் முதலில் வந்தால் வினையும் எழுவாயும் கேள்வியில் மாறுவதுபோல இடம் மாறும்: 'நாட் ஒன்லி டஸ் ஹி சிங், பட் ஹி ஆல்ஸோ டான்சஸ்.' இங்கே இருபக்கமும் முழு வாக்கியம். 'பட்'டுக்கும் 'ஆல்ஸோ'வுக்கும் நடுவே 'ஹி' நுழைந்திருப்பதைக் கவனியுங்கள், அது முறைதான்.

ஜோடி மாறிப்போவதும் நடக்கும். 'நைதர்' என்றால் 'நார்'. 'பிட்வீன்' என்றால் 'அண்ட்'. '1995 டு 2005' என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் 'ஃப்ரம்' போடுங்கள். 'பிட்வீன் 1995 டு 2005' என்பது இரண்டு ஜோடியைப் பாதிப் பாதி வெட்டி ஒட்டியது. 'ப்ரிஃபர்' வினைக்கு 'தேன்' பொருந்தாது: 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்.' இந்த 'டு' முன்னிடைச்சொல், அதனால்தான் அடுத்து 'இங்' வடிவம் வருகிறது. 'ராதர் தேன்' பயன்படுத்தினால் 'ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் டிரைவ்'. இரண்டையும் கலந்து 'ப்ரிஃபர் வாக்கிங் தேன் டு டிரைவ்' என்று எழுதுவது பணித்தேர்வுப் பயிற்சிகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

ஒப்பீடு: எதை எதோடு?

'தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை.' ஊட்டியின் தட்பவெப்பத்தைச் சென்னை என்ற நகரத்தோடு ஒப்பிடுகிறது இந்த வாக்கியம். தமிழில் 'ஊட்டியின் வானிலை சென்னையைவிடக் குளிர்ச்சி' என்று இயல்பாகச் சொல்கிறோம், யாரும் குறை சொல்வதில்லை. ஆங்கில எழுத்து நடை அந்தச் சலுகையைத் தராது. தட்பவெப்பத்துக்குத் துணை தட்பவெப்பம்தான்: 'கூலர் தேன் தட் ஆஃப் சென்னை'. பன்மையானால் 'தோஸ்': 'ஹவுசஸ் இன் சென்னை காஸ்ட் மோர் தேன் தோஸ் இன் மதுரை.' ஆளைப் பற்றியதானால் உடைமைக்குறியே போதும்: 'ஹெர் ஹேண்ட்ரைட்டிங் இஸ் பெட்டர் தேன் ஹெர் பிரதர்ஸ்', இதில் கடைசிச் சொல்லுக்கு உடைமைக்குறி உண்டு.

வினைகளை ஒப்பிடும்போதும் வடிவம் ஒன்றாக வேண்டும். 'ஸ்விம்மிங் இஸ் ஹார்டர் தேன் டு ரன்' தவறு, 'தேன் ரன்னிங்' சரி.

பின்னால் வரும் பொதுப்பகுதி

இதுவரை பொதுத்தலையைப் பார்த்தோம். வரிசைக்குப் பின்னால் பொதுவான வால் இருப்பதும் உண்டு; அதையும் ஒவ்வோர் உறுப்போடும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

'ஷி இஸ் இன்ட்ரஸ்டட் அண்ட் குட் அட் மேத்ஸ்.' வால் 'அட் மேத்ஸ்'. 'குட் அட் மேத்ஸ்' சரி, 'இன்ட்ரஸ்டட் அட் மேத்ஸ்' உடைகிறது. 'இன்ட்ரஸ்டட் இன் அண்ட் குட் அட் மேத்ஸ்' என்று அவரவர் முன்னிடைச்சொல்லை அவரவருக்குக் கொடுக்க வேண்டும்.

'ஹி ஹேஸ் நாட் அண்ட் வில் நாட் சைன் தி பேப்பர்.' 'வில் நாட் சைன்' சரி. 'ஹேஸ் நாட் சைன்' தவறு, 'சைன்ட்' வேண்டும். 'ஹி ஹேஸ் நாட் சைன்ட் அண்ட் வில் நாட் சைன் தி பேப்பர்.' வினை இருமுறை வந்தாலும் பரவாயில்லை, பொருந்த வேண்டும்.

'தட்' என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 'தி எஞ்சினியர் செட் தட் தி பிரிட்ஜ் வாஸ் வீக் அண்ட் தி ரோட் வாஸ் குளோஸ்ட்.' சாலை மூடப்பட்டது என்று பொறியாளர் சொன்னாரா, அல்லது அது தனிச் செய்தியா? இரண்டாவது உறுப்பிலும் 'தட்' வைத்து 'அண்ட் தட் தி ரோட் வாஸ் குளோஸ்ட்' என்றால் இரண்டும் அவர் சொன்னது என்று உறுதியாகிவிடும். செய்தி எழுதுவோரும் வழக்குரைஞர்களும் இந்த 'தட்'டை விடக் கூடாது.

அரசமைப்பின் முகப்புரையைப் பிரித்துப் பார்த்தால்

சிறு சொற்களைத் திரும்ப எழுதுவதன் பலத்தை அறிய இந்திய அரசமைப்பின் ஆங்கில முகப்புரையைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. முழுவதும் ஒரே வாக்கியம். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய நான்கும் ஒரே வரிசை என்றுதான் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். இலக்கணம் வேறு சொல்கிறது. 'ரிசால்வ்ட்' என்ற வினைக்குக் கீழே மூன்று 'டு' வடிவங்கள் நிற்கின்றன: 'டு கான்ஸ்டிட்யூட்', 'டு செக்யூர்', 'டு ப்ரமோட்'. நீதியும் சுதந்திரமும் சமத்துவமும் 'டு செக்யூர்' என்பதன் கீழ் வருகின்றன, குடிமக்களுக்கு உறுதிசெய்து தர வேண்டியவை. சகோதரத்துவம் மட்டும் 'டு ப்ரமோட்' என்பதன் கீழ். அது மக்களுக்கிடையே வளர்க்க வேண்டியது. 'டு' என்ற ஒரு சொல் திரும்ப வந்ததால்தான் இந்த வேறுபாடு நமக்குத் தெரிகிறது.

'ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி' என்ற தொடரில் 'ஆஃப்' இருமுறை வருகிறது. இரண்டாவதை விட்டிருந்தாலும் பிழையில்லை; ஆனால் தகுதிநிலையில் சமத்துவம் ஒன்று, வாய்ப்பில் சமத்துவம் இன்னொன்று என்ற அழுத்தம் போயிருக்கும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு: 'தி டிக்னிட்டி ஆஃப் தி இண்டிவிஜுவல் அண்ட் தி யூனிட்டி அண்ட் இன்டெக்ரிட்டி ஆஃப் தி நேஷன்.' இரண்டு 'அண்ட்'. முதல் 'அண்ட்'டுக்குப் பின் 'தி' இருக்கிறது, ஆகவே அது 'தி டிக்னிட்டி'யோடு இணைகிறது. இரண்டாவதற்குப் பின் 'தி' இல்லை, ஆகவே 'யூனிட்டி'யும் 'இன்டெக்ரிட்டி'யும் ஒரே 'தி'யைப் பகிர்ந்துகொள்கின்றன. 'அண்ட் இன்டெக்ரிட்டி' என்பது 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. பழைய அமைப்பு கலையாமல் புதுச்சொல் உள்ளே உட்கார்ந்தது இந்தப் பகிர்வால்தான். முகப்புரை 'அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ் டு அவர்செல்வ்ஸ்' என்று மூன்று மூலவினைகளில் முடிகிறது. நீளமான உறுப்பு கடைசியில் வருகிறது.

வரிசையை எழுதுவது

பிழை பிடிப்பது பாதி வேலை. நீங்களே வரிசை எழுதும்போது உறுப்புகளை முதலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வடிவம் எது என்று பாருங்கள். ஓர் உறுப்பு எந்த வடிவத்துக்கும் இறங்கி வராவிட்டால், அது மற்றவற்றுக்குச் சமமான செய்தியாக இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி, வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு நீளம் பார்த்து அடுக்குங்கள், சிறியது முன்னால், பெரியது பின்னால். 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 'லைஃப், லிபர்ட்டி அண்ட் தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்' என்று வருவதும் இந்த ஒழுங்கில்தான். மூன்றும் பெயர்த்தொடர் என்பதால், நீளம் வேறுபட்டாலும் அது பேரலல்தான். சொல் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

வினையடை வரிசையில் கொஞ்சம் தளர்வு உண்டு. 'ஸ்லோலி அண்ட் வித் கிரேட் கேர்' என்பதில் ஒன்று தனிச்சொல், ஒன்று முன்னிடைச்சொல் தொடர். இரண்டும் 'எப்படி' என்ற கேள்விக்கு விடை சொல்வதால் நல்ல எழுத்தாளர்களும் இப்படி எழுதுகிறார்கள். ஆனால் 'குவிக்லி, நீட்லி அண்ட் வித் அக்யூரசி' என்று மூன்றில் ஒன்று மட்டும் விலகினால் அசிங்கமாகத் தெரியும். 'அக்யூரட்லி' என்ற சொல் கையிலேயே இருக்கும்போது அதைப் போட்டுவிடுங்கள்.

பயோடேட்டாவிலும் அறிக்கையிலும் புள்ளியிட்டு எழுதும் பட்டியலும் ஒரு வரிசைதான். அங்கே 'அண்ட்' கண்ணுக்குத் தெரியாததால் பிழை மிகுதி. 'மெயின்டெய்ன்ட் தி ஸ்டாக் ரெஜிஸ்டர்', 'ப்ரிப்பேரிங் பில்ஸ்', 'கஸ்டமர் கால்ஸ்' என்று மூன்று வரி மூன்று வகையாக இருக்கும். முந்தைய வேலையானால் எல்லா வரியையும் இறந்தகால வினையில் தொடங்குங்கள்: 'மெயின்டெய்ன்ட்', 'ப்ரிப்பேர்ட்', 'ஆன்சர்ட்'. பட்டியலுக்கு மேலே 'தி கிளர்க் மஸ்ட்' என்பது போன்ற தலைவரி இருந்தால், ஒவ்வொரு புள்ளியையும் அதோடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள்.

பயிற்சி

ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் பிழை கண்டறியும் பகுதியில் இந்த வகை வரும். கீழே உள்ள ஏழையும் முதலில் நீங்களே சோதித்துவிட்டு விடைக்குப் போங்கள்.

1. 'ஷி இஸ் எ டீச்சர், எ ரைட்டர் அண்ட் சிங்ஸ் வெல்.'
2. 'ஹி நைதர் கால்ட் மீ ஆர் ரிப்ளைட் டு மை லெட்டர்.'
3. 'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை.'
4. 'வீ வான்ட் போத் டு ரெட்யூஸ் தி காஸ்ட் அண்ட் இம்ப்ரூவ் தி குவாலிட்டி.'
5. 'தி டாக்டர் அட்வைஸ்ட் ஹிம் டு ரெஸ்ட், டு டிரிங்க் மோர் வாட்டர் அண்ட் தட் ஹி ஷுட் அவாய்ட் சால்ட்.'
6. 'மை பிரதர் இஸ் ஆஸ் டால் ஆர் டாலர் தேன் மை ஃபாதர்.'
7. 'ஷி ஸ்டடீட் இன் திருச்சி, வொர்க்ஸ் இன் கோயம்புத்தூர் அண்ட் வில் மூவ் டு டெல்லி நெக்ஸ்ட் இயர்.'

விடைகள்: 1இல் 'சிங்ஸ் வெல்' என்பதை 'எ குட் சிங்கர்' ஆக்குங்கள், மூன்றும் பெயராகும். 2இல் 'ஆர்' இருக்கும் இடத்தில் 'நார்'. 3இல் 'தேன் தட் ஆஃப் மதுரை'. 4இல் 'போத்'துக்குப் பின் 'டு' இருக்கிறது, 'அண்ட்'டுக்குப் பின் இல்லை. 'அண்ட் டு இம்ப்ரூவ்' என்று எழுதுங்கள். 5இல் கடைசி உறுப்பு 'டு அவாய்ட் சால்ட்'. 6இல் 'டால்' என்ற முதல் உறுப்புக்கு வால் குறைகிறது: 'ஆஸ் டால் ஆஸ் ஆர் டாலர் தேன் மை ஃபாதர்'. 7இல் பிழையே இல்லை. படித்தது அன்று, வேலை இன்று, இடம்பெயர்வது அடுத்த ஆண்டு. 'ஷி' என்ற தலையோடு மூன்றும் தனித்தனியாக ஒட்டுகின்றன. 'நோ எரர்' என்ற கட்டத்தைத் தயங்காமல் குறியுங்கள்.